விதைப்பை மாறியும் மான் வரவில்லை: ஜார்ஜியாவில் மூன்று தீவன வயல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கும் கடலோரச் சமவெளிக்கும் நடுவே கிடக்கும் மேட்டுப்பகுதிக்கு பீட்மாண்ட் என்று பெயர். செம்மண் களி. தலைமுறைக் கணக்கில் பருத்தி போட்டதில் மேல்மண் பெரும்பாலும் அரித்துப் போன பூமி. இந்த ஆய்வுக்குரிய 140 ஏக்கர் அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய பாதி லாப்லாலி பைன் தோட்டம். ஓடையை ஒட்டி வெள்ளை ஓக்கும் செவ்வோக்கும் நிற்கின்றன. ஆறு ஆண்டுக்கு முன் மரம் வெட்டிவிட்டு அப்படியே விட்டதில் 20 ஏக்கர் புதர் மண்டிக் கிடக்கிறது. உரிமையாளர்கள் நகரத்தில் வேலை பார்க்கும் அண்ணன், தம்பி. வார இறுதியில்தான் வருவார்கள்.

வெண்வால் மான்களுக்காக அவர்கள் மூன்று இடத்தில் தீவனம் விதைத்து வந்தார்கள். அங்கே இதை ஃபுட் பிளாட் என்பார்கள். இந்தக் கட்டுரையில் தீவன வயல். சாலையோரத்தில் மேட்டு வயல், 1.5 ஏக்கர். ஓக் மரங்களுக்குக் கீழே ஓடை வயல், முக்கால் ஏக்கர். பைன் மரங்களுக்கு நடுவே பைன் வயல், அரை ஏக்கர். மூன்றும் சேர்ந்து மொத்த நிலத்தில் 2 சதவீதம். நோக்கம் இரண்டு: கோடையில் மானுக்குச் சத்து கிடைக்க வேண்டும், வேட்டைப் பருவத்தில் மான் கண்ணில் பட வேண்டும்.

உரிமம் பெற்று, பருவத்துக்குள், மாநிலம் குறித்த எண்ணிக்கைக்குள் மான் சுடுவது அங்கே சட்டப்படியானது. பெட்டை மான் பெருகாமல் இருக்க அரசே அதை நம்பியிருக்கிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே அந்தப் பகுதி நமக்கு ஆகாது. ஆனால் மானை ஒரு வயலுக்கு இழுப்பது எது, வரவிடாமல் தடுப்பது எது என்ற பகுதி, காட்டோரத்தில் பயறு விதைக்கும் எவருக்கும் உதவும். அங்கே மானுக்கென்றே வாங்கி விதைக்கும் செடிகளில் முதல் வரிசையில் நிற்பவை நம் அவரையும் தட்டைப்பயறும்தான்.

உரிமையாளர்களின் குறை இது: செப்டம்பரில் வயல் நிறைய மான், அக்டோபர் நடுவில் துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் ஒன்றுகூட இல்லை. மூன்று ஆண்டில் மூன்று வகை விதைப்பை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை கூடியது. விதைக் கடையின் பதில் ஒவ்வொரு முறையும் நான்காவது பை ஒன்றைக் காட்டுவதாகவே இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் சாதாரணக் கோதுமையும், குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியும் போட்டு, பட்டப்பகலில் பத்து மானைப் பார்ப்பதுதான் அவர்களை அதிகம் உறுத்தியது.

## முதல் இலையுதிர் காலம்: கண்டவை

விதையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று வேலைகள் செய்யப்பட்டன. மண் பரிசோதனை, கம்பிக் கூண்டு, தானியங்கிக் கேமரா.

கூண்டுதான் இவற்றில் மலிவானது, அதிகம் சொல்வதும் அதுவே. 1.2 மீட்டர் உயரமுள்ள பற்றவைத்த கம்பிவலையில் 3.3 மீட்டர் நீளம் வெட்டி வளைத்தால் ஒரு மீட்டர் குறுக்களவில் வளையம் கிடைக்கும். இரண்டு இரும்புக் கழியில் கட்டி, விதைத்த அன்றே வயலில் நட வேண்டும். உள்ளே பயிர் தன்போக்கில் வளரும், வெளியே மான் மேயும். இரண்டின் உயரத்தையும் பக்கத்தில் பக்கமாக அளந்தால் போதும். இது இல்லாமல் வயலை வெறும் கண்ணால் பார்ப்பவர், குட்டையாக இருக்கும் பயிரைப் பார்த்து விதை சரியில்லை என்பார். உண்மையில் மான் இரவெல்லாம் அதை மேய்ந்திருக்கும். நெடுநெடுவென்று நிற்கும் பயிரைப் பார்த்து அருமையான வயல் என்பார். அதை ஒரு மான்கூடத் தொட்டிருக்காது.

வயலுக்கு இரண்டு கூண்டு நடப்பட்டது. செப்டம்பர் கடைசியில் மேட்டு வயலில் கூண்டுக்குள் ஓட்ஸ் 20 சென்டிமீட்டர், வெளியே 8. அக்டோபர் கடைசியில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே உயரம். அதாவது அந்த ஒரு மாதத்தில் மேய்ச்சல் நின்றே போயிருந்தது; வெளியே இருந்த பயிர் மீண்டு வளர்ந்து உள்ளே இருந்ததை எட்டிவிட்டது. பைன் வயலில் எந்த மாதத்திலும் வித்தியாசமே இல்லை. அங்கே பயிர் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

மேய்ந்தது மான்தானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து, மேலண்ணத்தின் தடித்த தோலில் அழுத்திக் கிழிக்கிறது. தண்டின் முனை நார் நாராகப் பிய்ந்திருந்தால் மான்; கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டியிருந்தால் முயல். ஓடை வயலின் ஓரத்தில் குளோவரை நாசம் செய்தது பெரும்பாலும் முயல் என்பது இதில் தெரிந்தது.

மண் பரிசோதனைக்கு வயலுக்கு 15 முதல் 20 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து அனுப்பப்பட்டது. கார அமில அளவு (pH) மேட்டு வயலில் 5.1, பைன் வயலில் 5.4, ஓடை வயலில் 5.9. குளோவருக்கு 6.0க்கு மேல், முடிந்தால் 6.5 வரை வேண்டும். 5.1இல் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. இடும் மணிச்சத்து மண்ணோடு பிணைந்து செடிக்கு எட்டாமல் போகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுப் பாக்டீரியா வேலை செய்வதில்லை. மேட்டு வயலில் ஒரு குளோவர்ச் செடியை மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது நாலைந்து முடிச்சுகள்தான் இருந்தன. நகத்தால் நசுக்கினால் உள்ளே வெளிறிய பச்சை. வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். மூன்று ஆண்டும் உரம் போட்டிருந்தார்கள், சுண்ணாம்பு ஒரு பிடிகூடப் போட்டதில்லை. அந்த உரத்தில் பாதிக்கு மேல் வீண் என்றே சொல்லலாம்.

விதைப்பைகளின் சீட்டையும் படித்தாக வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டில் ஓராண்டு ரைகிராஸ் என்னும் புல் கணிசமாக இருந்தது. மலிவு, எங்கும் முளைக்கும், பையில் படம் பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் ஒருமுறை விதைத்துவிட்டால் தானே விதை உதிர்த்து, அடுத்த ஆண்டுகளில் குளோவரை அமுக்கிவிடும். குளோவர் விதையின் எடையிலோ மூன்றில் ஒரு பங்கு மேல்பூச்சு. கிலோ கணக்கில் கொடுத்த விலையில் அவ்வளவும் பூச்சுக்குப் போனது.

## ஓக் கொட்டையும் ஆள் நடமாட்டமும்

அக்டோபரில் மான் எங்கே போனது என்பதற்கு விடை ஓடையோரத்தில் கிடந்தது. வெள்ளை ஓக் கொட்டைகள் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை உதிரும். அந்த ஆண்டு காய்ப்பு அதிகம். சில மரங்களுக்கடியில் கால் வைத்தால் கொட்டை நெரிபடாமல் நடக்க முடியவில்லை. செவ்வோக்கைவிட வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, ஆகவே மான் முதலில் தேடுவது அதைத்தான். அதில் புரதம் குறைவு, மாவும் கொழுப்பும் அதிகம். குளிருக்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய மாதத்தில் மானுக்குத் தேவையானதும் அதுவே. தவிர, கொட்டை மரநிழலில் கிடக்கிறது. வெட்டவெளிக்கு வந்து நின்று தின்ன வேண்டியதில்லை.

மான் மாட்டைப்போல் கிடைத்த புல்லையெல்லாம் வாரித் தின்னும் விலங்கு அல்ல. உடலளவுக்கு அதன் முதல் இரைப்பை சிறியது. நார் அதிகமுள்ள முற்றிய தீவனத்தைக் கிடத்தி நொதிக்கவைக்க இடம் போதாது. எனவே கொழுந்து, பூ, காய், கொட்டை என்று எளிதில் செரிப்பதாகப் பொறுக்கித் தின்னும். அதன் விருப்பப் பட்டியல் நிலையானதும் அல்ல. கோடையில் பால் கொடுக்கும் பெட்டைக்கும் கொம்பு வளரும் ஆணுக்கும் 16 சதவீதம் அளவுக்குப் புரதமுள்ள தீவனம் தேவை, அப்போது பயறுவகை இலை இழுக்கும். இலையுதிர் காலத்தில் மாவுச்சத்து இழுக்கும். கடுங்குளிரில் காட்டில் வேறெதுவும் பச்சையாக இல்லாததாலேயே கோதுமை இழுக்கும். ஒரு செடிக்கென்று தனியாகக் கவர்ச்சி மதிப்பெண் கிடையாது. அந்த வாரம் அதற்குப் போட்டியாகக் காட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. விதைக்கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். ஓக் கொட்டையை அவர் விற்பதில்லை.

ஆனால் கொட்டை முழு விடையல்ல. பக்கத்து நிலத்திலும் அதே ஓக் மரங்கள் இருந்தன. இருந்தும் நவம்பர் நடுவில் அங்கே மான் பகலில் திரும்பிவிட்டது. இங்கே திரும்பவில்லை. கேமராவில் ஓடை வயலின் நவம்பர்ப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே இரவு 9 மணிக்குப் பிந்தியவை. சகோதரர்களின் வழக்கத்தைக் கேட்டு வரைபடத்தில் போட்டபோது காரணம் தெரிந்தது. வேட்டைக்கு வரும் ஒவ்வொரு முறையும் நாலு சக்கர மோட்டார் வண்டியில் நடுமேட்டின் வழியாக மேட்டு வயலின் விளிம்புக்கே போய், வயலோரப் பரணில் ஏறினார்கள். குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்தபின் அடிப்பது வடமேற்குக் காற்று. பரணுக்குத் தென்கிழக்கில்தான் அந்த 20 ஏக்கர்ப் புதர், மான் பகலில் படுக்கும் இடம். மனித வாடை நேராகப் படுக்கைக்கே போய்க்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு, வயலில் மான் மேய்ந்துகொண்டிருக்கும்போதே, விளக்கடித்துக்கொண்டு பரணிலிருந்து இறங்கி வேறு வந்திருக்கிறார்கள். பக்கத்துக்காரர் தன் வயலில் பரணே வைக்கவில்லை.

## தீர்மானங்களும் காரணங்களும்

பைன் வயலைக் கைவிடுவது என்பது முதல் தீர்மானம். ஒரு நாளைக்கு நாலு மணி நேர வெயில்கூட விழாத இடத்தில் சுண்ணாம்பும் விதையும் கொட்டிப் பயனில்லை. சுற்றியிருந்த பைன் மரங்களைக் கலைத்து வெயில் இறக்கி, பிப்ரவரியில் மாநில வனத்துறையின் அனுமதியோடு தரைத்தீ வைக்கப்பட்டது. அடுத்த கோடையில் பிளாக்பெர்ரி, ஸ்மைலாக்ஸ் கொடி, ராக்வீட் எல்லாம் தாமாக வந்தன. எல்லாம் மானுக்குப் பிடித்த நாட்டுச் செடிகள். விதைச் செலவு பூஜ்யம்.

மேட்டு வயலுக்கும் ஓடை வயலுக்கும் சுண்ணாம்பு. மேட்டு வயலுக்கு ஏக்கருக்கு 2 டன், ஓடை வயலுக்கு 1 டன், பிப்ரவரியிலேயே இட்டுச் சட்டிக் கலப்பையால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலக்கப்பட்டது. மேலே தூவிவிட்டால் மண்ணுக்குள் இறங்க ஆண்டுக்கணக்கு ஆகும். கலந்தாலும் முழுப்பலன் தெரிய ஆறு மாதம் வேண்டும். செப்டம்பர் விதைப்புக்குப் பிப்ரவரியில் சுண்ணாம்பு என்பது அதனால்தான்.

ஓடை வயலில் கோடைப் பயிராக அவரையும் தட்டைப்பயறும். முந்தைய ஆண்டும் அவர்கள் இதைப் போட்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் தரை வெறுமையாகிவிட்டது. இரண்டு செடியும் முளைக்கும்போது விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். வளரும் மொட்டுகள் எல்லாம் விதையிலைக் கணுவிலும் அதற்கு மேலும்தான். மான் அதற்குக் கீழே கடித்துவிட்டால் மறுபடி துளிர்க்க அந்தச் செடியில் எதுவும் மிச்சமில்லை. இரண்டடிக் கொடியாக வளர்ந்தபின் அதே மான் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்து முன்னைவிட அடர்த்தியாகும். ஆகவே இங்கே பிரச்சினை மான் வராதது அல்ல, வயல் சிறியதாக இருக்கும்போது வேளைகெட்ட வேளையில் வருவது. முதல் ஆறேழு வாரம் வேலி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவானது.

வேட்டை முறையில் செய்த மாற்றத்துக்குச் செலவே இல்லை, ஆனால் ஒப்புக்கொள்ள வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஓடை வயலில் டிசம்பர் வரை ஆள் நுழையக் கூடாது. மேட்டு வயல் பரணைக் கழற்றி, புதருக்கும் வயலுக்கும் நடுவே மான் தடத்தில், வயலிலிருந்து சுமார் 100 மீட்டர் உள்ளே வைக்க வேண்டும். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு ஓடை வழியாக நடந்து போக வேண்டும். வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் அந்தப் பரணில் ஏறவே கூடாது. இருட்டும்போது மான் பக்கத்தில் நின்றால் இறங்காமல், இன்னொருவர் வண்டியோட்டி வந்து மானைக் கலைத்தபிறகு இறங்க வேண்டும். வண்டிச் சத்தத்துக்கு மான் பழகியிருக்கிறது. மரத்திலிருந்து மனிதன் இறங்குவதைப் பார்த்தால் அந்த மரத்தை மறக்காது.

உப்புக் கட்டி ஒன்றும் இருந்தது. வசந்தத்தில் மான் அதை நக்கியே குழி பறித்திருந்தது. கொம்பு வளர அது உதவுகிறது என்று சகோதரர்கள் நம்பினார்கள். வசந்தத் தளிரில் தண்ணீரும் சாம்பல்சத்தும் மிகுதி, சோடியம் சொற்பம். அந்த இழப்பை ஈடுகட்டவே மான் உப்பைத் தேடுகிறது. கொம்புக்கும் அதற்கும் அவர்கள் நினைத்த உறவு இல்லை. பல மான்கள் ஒரே இடத்தில் எச்சில் படுத்துவது நோய் பரவ வழி என்பதால் கட்டி அகற்றப்பட்டது. 2025 ஜனவரியில் மாநிலத்தின் தெற்கே லேனியர் கவுண்டியில், மான்களைக் கொல்லும் நீண்டகால நலிவு நோய் ஜார்ஜியாவில் முதன்முறையாக உறுதியானது. அதற்குக் காரணமான பிரியான் என்னும் உருக்குலைந்த புரதம் மண்ணில் பல ஆண்டு அழியாமல் கிடக்கும்.

## கோடை: அவரையும் மின்வேலியும்

மே மாத நடுவில், மண் வெப்பம் 18 பாகையைத் தாண்டியபின், ஏக்கருக்கு அவரை 5 கிலோ, தட்டைப்பயறு 15 கிலோ கணக்கில் விதைக்கப்பட்டது. இரண்டுக்கும் தட்டைப்பயறு வகைக்கான ரைசோபியம், அதாவது வேர்முடிச்சுப் பாக்டீரியா. குளோவருக்கான பொட்டலம் இதற்கு உதவாது. நம் ஊரில் ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்துவோம், அங்கே சர்க்கரைத் தண்ணீர். வேலை ஒன்றுதான்.

விதைத்த அன்றே வேலி. மான் இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடியது, ஆகவே உயரத்தால் தடுப்பது பெருஞ்செலவு. தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாதது அதன் பலவீனம். வெளிவரிசையில் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே மின்நாடா; அதிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, 25, 60 சென்டிமீட்டர் உயரங்களில் இரண்டு நாடா. இரண்டு வரிசைக்கும் நடுவே கால் ஊன்ற இடம் போதுமா என்று மானுக்குப் பிடிபடாது, தாண்டத் தயங்கும். தாண்டுவதற்கு முன் ஒருமுறை அடிவாங்க வைக்க வேண்டும் என்பதற்காக, அலுமினியத் தகட்டுத் துண்டுகளில் நிலக்கடலை வெண்ணெய் தடவி வெளி நாடாவில் தொங்கவிட்டார்கள். ஈர மூக்கால் முகர்ந்ததும் அதிர்ச்சி. உடம்பு ரோமம் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, மூக்குதான் வழி.

இது பேட்டரியில் இயங்கும் துடிப்புக் கருவி. 5,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் நொடிக்கொருமுறை கணநேரத் துடிப்பாக வருவதால் உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டு மின்கம்பியிலிருந்து நேரடியாக இழுக்கும் வேலி முற்றிலும் வேறு. தமிழகக் காட்டோரங்களில் யானையையும் மனிதரையும் கொல்வது அந்த வேலிதான், அது குற்றமும்கூட.

நான்காவது வாரத்தில் தென்மூலையில் கீழ் நாடாவைப் புல் தொட்டு மின்சாரம் மண்ணுக்கு இறங்கியது. அளந்தபோது 1,500 வோல்ட். இரண்டே இரவில் அந்த மூலையில் கால்வாசி வயல் மொட்டை. நாடாவுக்கடியில் களை எடுத்து மறுபடி அழுத்தம் ஏற்றியதும் மான் உள்ளே வருவது நின்றது. ஜூலை முதல் வாரத்தில் கொடி 60 சென்டிமீட்டர் எட்டியதும் வேலி எடுக்கப்பட்டது. அதன்பிறகு மான் தினமும் வந்தும் ஆகஸ்ட் கடைசிவரை இலை இருந்தது.

## இரண்டாம் இலையுதிர் காலம்

ஆகஸ்ட் மண் பரிசோதனையில் மேட்டு வயல் 5.9, ஓடை வயல் 6.3. விதைப்பைக்குப் பதில் தனித்தனியாக வாங்கிக் கலந்தார்கள். ஏக்கருக்குக் கோதுமை 20 கிலோ, ஓட்ஸ் 20 கிலோ, கிரிம்சன் குளோவர் 5 கிலோ, ஆரோலீஃப் குளோவர் 2.5 கிலோ. கோதுமையும் ஓட்ஸும் குளிர்காலத் தீனி. கிரிம்சன் மார்ச், ஏப்ரலில் உச்சம் தொட்டு மே மாதத்தில் காயும். அது ஓயும்போது ஆரோலீஃப் ஏறும், ஜூன் தாண்டியும் நிற்கும்.

விதைக்கும் வரிசை முக்கியம். முன்பு எல்லா விதையையும் ஒரே தூவியில் போட்டு, சட்டிக் கலப்பையால் மூடியிருக்கிறார்கள். கோதுமைக்கு 2.5 சென்டிமீட்டர் ஆழம் சரி. கடுகைவிடச் சிறிய குளோவர் விதை அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் வெளியே வருவதே அரிது. இந்த முறை தானியத்தைத் தூவி லேசாக மூடி, உருளையால் அழுத்தி, அந்த அழுத்திய மண்மீது குளோவரைத் தூவி மீண்டும் ஒருமுறை உருளை. அவ்வளவுதான். மேலே மண் போடவே வேண்டியதில்லை.

செப்டம்பர் நடுவில் விதைத்தது முளைத்து இரண்டு வாரத்தில், மேட்டு வயலின் ஓட்ஸ் ஒரு வார இறுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் காணாமல் போனது. முதலில் மான்மீதுதான் பழி விழுந்தது. கூண்டுக்குள்ளும் பயிர் இல்லை என்றதும் மான் தப்பியது. படைப்புழு. 2018இல் தமிழக மக்காச்சோளத்தில் நுழைந்த அதே இனம்தான். அமெரிக்காவில் அது உறைபனியைத் தாங்காது. ஆண்டுதோறும் தெற்கிலிருந்து அந்துப்பூச்சியாகப் பறந்து வந்து இளந்தளிரில் முட்டையிடும். சதுர அடிக்கு மூன்று புழு இருந்தாலே நடவடிக்கை தேவை என்பது வழக்கமான அளவுகோல். இங்கே அதைப் பார்க்க வாரநாளில் ஆள் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் சேதமான பகுதியில் கோதுமையும் ரை தானியமும் மறுவிதைப்புச் செய்யப்பட்டன.

பயிர் தூர் கட்டும் நேரத்தில் மேட்டு வயலின் ஒரு பாதிக்கு மட்டும் ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து மேலுரமாக இடப்பட்டது. விதை ஒன்று, நாள் ஒன்று, மண் ஒன்று. டிசம்பரில் உரமிட்ட பாதியில் கூண்டுக்கு வெளியே 6 சென்டிமீட்டர், உரமிடாத பாதியில் 11. கூண்டுக்குள் உரமிட்ட பயிர்தான் உயரமானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மான் எந்தப் பக்கம் அதிகம் மேய்ந்தது என்பது தெளிவு. எல்லையில் நின்று பார்த்தபோது மேய்ச்சல் ஏறக்குறைய நேர்க்கோட்டில் மாறியது. அளவு மீறினால் கோதுமை கொழுத்துக் குளோவரை மூடிவிடும், அதனால்தான் 15 கிலோவோடு நின்றது.

அந்த ஆண்டும் ஓக் காய்ப்பு நன்றாக இருந்ததால் அக்டோபர் அமைதியாகவே கழிந்தது. இது எதிர்பார்த்ததுதான், ஆகவே யாரும் விதையைக் குறை சொல்லவில்லை. கொட்டைகள் தீர்ந்த நவம்பர் கடைசியிலிருந்து இரண்டு வயலிலும் மேய்ச்சல் ஏறியது. ஆள் நுழையாத ஓடை வயலில் மாலை 4 மணிக்கே மான் படம் விழத் தொடங்கியது. மேட்டு வயலில் இருட்டியபின்தான் என்ற நிலை பெரிதாக மாறவில்லை. சாலையில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த வயல் முழுதும் தெரியும்.

தம்பியின் விருப்பத்துக்காக மேட்டு வயலின் ஓரத்தில் கால் ஏக்கர் முள்ளங்கியும் கடுகு இனத்து ரேப் கீரையும் போடப்பட்டிருந்தன. டிசம்பர்வரை மான் சீண்டவில்லை. ஜனவரி உறைபனிக்குப் பிறகு இலை முழுதும் தீர்ந்தது. குளிரில் இலையில் சர்க்கரை கூடியது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பகுதி மான்களுக்கு அது புதுத் தீனி என்பதும், சுற்றிலும் வேறு தீனி குறைந்துவிட்டது என்பதும் அதே அளவுக்குக் காரணமாக இருக்கலாம். கூண்டு மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

## மூன்றாம் ஆண்டு

ஏப்ரலில் ஓக் பூத்திருந்த சமயம் கடும் உறைபனி விழுந்தது. வெள்ளை ஓக் அதே ஆண்டில் காய் முற்றும் மரம், ஆகவே அந்த இலையுதிர் காலத்தில் கொட்டையே இல்லை. செவ்வோக்குக்கு இரண்டு பருவம் வேண்டும் என்பதால் அதன் முந்தைய ஆண்டுப் பிஞ்சு ஓரளவு தப்பியது. விதையும் அளவும் முந்தைய ஆண்டுடையதே. விதைப்பு நாள் மட்டும் படைப்புழுவுக்காகச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளப்பட்டது. மேட்டு வயலின் சாலைப் பக்கம் ஐந்து மீட்டர் அகலத்தில், மே மாதத்திலேயே உயர்சோளம் மறைப்பாக விதைக்கப்பட்டிருந்தது.

விளைவு முந்தைய ஆண்டுக்கு நேர் எதிர். அக்டோபர் நடுவிலேயே இரண்டு வயலும் மானாக இருந்தது. சோளம் மூன்று மீட்டர் எழும்பிய பிறகு மேட்டு வயலிலும் பகல் படங்கள் வந்தன. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் கூண்டுக்குள் 25 சென்டிமீட்டர், வெளியே வெறும் 3. இரண்டேகால் ஏக்கர் அத்தனை மானைத் தாங்கவில்லை. கோதுமை வேரோடு தளர்ந்த இடங்களில் வசந்தக் குளோவரும் மெலிந்து போனது. மாநிலம் அனுமதித்த அளவுக்குள் பெட்டை மான்களைக் கூடுதலாக எடுக்கவும், பைன் வயலைப் போல இன்னும் 10 ஏக்கர் பைன் காட்டைக் கலைத்துத் தரைத்தீ வைக்கவும் முடிவானது.

## மறுபடி செய்தால் மாறுபவை

வேட்டை வழியையும் பரணையும் மாற்றியது காசில்லாத வேலை, பலன் முதல் பருவத்திலேயே தெரிந்தது. அது சுண்ணாம்புக்கும் முன் நடந்திருக்க வேண்டும். சாலை மறைப்பும் முதல் கோடையிலேயே போட்டிருக்க வேண்டியது. ஒரு பருவம் வீணானது.

முக்கால் ஏக்கரில் அவரை என்பது வேலி இல்லாமல் சரிவராது, வேலியோடும் வாரம் ஒருமுறையாவது வோல்ட் அளக்க ஆள் வேண்டும். வார இறுதியில் மட்டும் வருபவர்களுக்கு அதே இடத்தில் ஆரோலீஃப் குளோவரும் வெள்ளைக் குளோவரும் பொருத்தம். கோடைப் புரதம் சற்றுக் குறையும், தலைவலியும் குறையும்.

ஓக் காய்ப்பை ஆகஸ்டிலேயே இருநோக்கியால் எண்ணிவிட வேண்டும். ஓடையோரத்தில் இருபது மரத்தைக் குறித்துவைத்து, எத்தனையில் காய் இருக்கிறது என்று பார்த்தால் அக்டோபர் எப்படியிருக்கும் என்பது ஓரளவு தெரியும். காய்ப்பு அதிகமென்றால் பரண் ஓக் மரங்களுக்குப் போக வேண்டும், வயலுக்கல்ல. காய்ப்பு இல்லையென்றால் பயிர் வேர்பிடிக்கும்வரை வயலின் ஒரு பாதிக்காவது அந்த மின்நாடாவைக் கட்டிவைக்க வேண்டும். செப்டம்பரில் அது கொட்டகையில் சும்மாதான் கிடக்கிறது.